ஞானோபதேசத்துக்கு முன்னால் செய்தித்தாள்

1954 டிசம்பரில், 31 வயதுப் பாதிரியார் ஒருவர் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் மறைமாவட்டத்தில், முஜெல்லோ மலைப்பகுதியிலிருந்த ஒரு கோயிலுக்கு மாற்றலாகி வந்தார். இடத்தின் பெயர் பார்பியானா. ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவுமில்லை. ஒரு கோயில், அதை ஒட்டிப் பங்குச் சாமியார் வீடு, காட்டுக்குள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் விவசாயிகளின் வீடுகள், மதில் சூழ்ந்த சின்னக் கல்லறைத் தோட்டம். எல்லோரையும் சேர்த்து எண்ணினால் சுமார் நூறு பேர். சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பழைய சாமியார் ஓய்வு பெற்றதும் அந்தப் பங்கையே மூடிவிடுவதாக இருந்தது. இவரை அனுப்புவதற்காகத்தான் மூடாமல் வைத்தார்கள். வந்த மறுநாளே அவர் மலையிறங்கி விக்கியோ நகராட்சிக்குப் போனார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென்று ஆறடி நிலம் விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

லொரென்சோ மிலானி என்பது அவர் பெயர். மலைமேல் அனுப்பப்பட்டது அவருக்குக் கிடைத்த மரியாதை அல்ல. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகள் ஃபிளாரன்ஸை அடுத்த கலென்சானோவில், சான் தொனாத்தோ பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தார். அங்கே ஆலைகளிலும் வயல்களிலும் வேலைபார்த்த இளைஞர்களுக்காக இரவுப்பள்ளி நடத்தினார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் பையன்களில் கத்தோலிக்கச் சங்கத்தைச் சேர்ந்தவனும் இருந்தான், கம்யூனிஸ்ட் வீட்டுப் பிள்ளையும் இருந்தான். காலம் எப்படிப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுவுடைமைக் கொள்கையை ஏற்பவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையை வத்திக்கான் 1949-ல் பிறப்பித்திருந்தது. அப்படியொரு காலத்தில், வருகிற எந்தப் பையனும் இது சாமியார் விரித்த வலை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, வகுப்பறைச் சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை மிலானி தம் கையாலேயே கழற்றி வைத்தார்.

அந்தச் சுரூபத்தில்தான் கேள்வி தொடங்குகிறது. கடவுளை உயிருக்கும் மேலாக நம்புகிற ஒருவர் பள்ளி நடத்த முன்வந்தால், பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கொடுக்க வேண்டும்? தம் நம்பிக்கையையா, எழுத்தையா? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்பது எளிய பதில். மதங்கள் நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை அந்தப் பதிலோடுதான் நடக்கின்றன. மிலானிக்கு அது போதவில்லை. எழுத்து முதலில் என்றார். நம்பிக்கையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வைத்தார். அவர் குருத்துவத்தில் ஊன்றி நின்ற மனிதர். பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், கடைசிவரை அங்கியைக் கழற்றவில்லை. நம்பிக்கை தளர்ந்து எடுத்த முடிவு அல்ல அது. நம்பிக்கையை அவர் அவ்வளவு பெரிதாக மதித்ததால் எடுத்த முடிவு.

அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மிலானி பிறந்தது 1923 மே 27 அன்று, ஃபிளாரன்ஸில், புத்தகங்கள் நிறைந்த ஒரு செல்வக் குடும்பத்தில். கொள்ளுத்தாத்தா தொமெனிக்கோ கொம்பரெத்தி, இடைக்காலத்தில் வெர்ஜில் எப்படிப் படிக்கப்பட்டார் என்று ஆராய்ந்து ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்ற மொழியியலறிஞர். தாய் அலிசே வெய்ஸ் யூத வம்சத்தைச் சேர்ந்தவர். திரியெஸ்த்தே நகரில் ஜேம்ஸ் ஜாய்ஸிடம் ஆங்கிலம் படித்தவர். வீட்டில் சமயப் பழக்கம் இல்லை. பிள்ளைகளுக்கு 1933-ல் ஞானஸ்நானம் கொடுத்ததும் யூதர்களுக்கு எதிரான காற்று வீசத் தொடங்கியிருந்த அச்சத்தில்தான். ஓவியம் படிக்கப் போன லொரென்சோ 1943-ல், 20 வயதில், எல்லோரும் திகைக்கும்படி மனம்மாறிக் குருமடத்தில் சேர்ந்தார். 1947-ல் குருப்பட்டம் பெற்றார்.

ஆக, புத்தகம் என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஒரு சொல்லுக்கு மூன்று மொழிகளில் வேர் தேடும் வீட்டில் வளர்ந்தவர், பிரசங்க மேடையில் நின்று கீழே பார்க்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. அவர்கள் முட்டாள்கள் அல்ல. மண்ணின் ஈரத்தைக் கையால் தொட்டு விதைக்கும் நாளைச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் அவர் பேசும் வாக்கியம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. வக்கீல் பேசினாலும் அப்படித்தான், ஆலை முதலாளி பேசினாலும் அப்படித்தான். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள்.

இந்த அனுபவத்தை அவர் உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை, எண்ணிக் கணக்கெடுத்தார். 1958-ல் வெளிவந்த 'மேய்ப்புப் பணி அனுபவங்கள்' என்ற அவருடைய பெரிய நூலில், யார் பூசைக்கு வருகிறார்கள், எந்த வயதில் வருவதை நிறுத்துகிறார்கள், புதுநன்மை வாங்கிய பிள்ளை என்ன ஆகிறான் என்றெல்லாம் அட்டவணை போட்டிருந்தார். புதுநன்மைக்காக ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாக ஒப்பித்த பிள்ளைக்குச் சில ஆண்டுகளில் அதில் ஒரு சொல்லும் மிஞ்சுவதில்லை. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்: கேள்வி காதில் விழுந்ததும் பதில் வாயில் வந்துவிடும், நடுவில் மனம் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. பையன்கள் கோயிலைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று கால்பந்தும் பில்லியர்ட்ஸ் மேசையும் சினிமாவும் வைத்துக் கவர்ந்த சக குருக்களை அந்த நூலில் கடுமையாகக் கண்டித்தார். விளையாட்டுக்காக வந்தவன் இதைவிட நல்ல விளையாட்டு கிடைத்ததும் போய்விடுவான் என்பது அவர் கணக்கு. ஏழை மக்களுக்கு நம்பிக்கை வறண்டுவிடவில்லை, சொல் போதவில்லை என்று முடிவுகட்டினார். ஆகவே பள்ளியை எட்டாவது அருட்சாதனம் போலப் புனிதமானதென்று கருதினார். கத்தோலிக்கருக்கு அருட்சாதனங்கள் ஏழு. அந்த ஏழுக்குப் பக்கத்தில் பள்ளியை வைத்துப் பேசுவது ஒரு குருவானவர் வாயில் எவ்வளவு கனமான பேச்சு என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே அந்நூலை விற்பனையிலிருந்து எடுத்துவிடும்படி வத்திக்கானின் திரு அலுவலகம் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு இனி மதிப்பில்லை என்று சொல்ல 2014 வரை ஆனது.

பார்பியானாவில் பள்ளி சிறிதாகத்தான் தொடங்கியது. தொடக்கப்பள்ளியை முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் ஆடுமாடு மேய்க்கப் போகவிருந்த ஆறு பையன்கள். பிறகு சுற்றுப்பட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அரசுப் பள்ளியில் பெயிலாகி, இவன் தேறமாட்டான் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர். சிலர் காட்டுவழியே ஒரு மணி, இரண்டு மணி நேரம் நடந்து வந்தார்கள். சாமியார் வீட்டின் இரண்டு அறைகள்தான் பள்ளி. நல்ல வெயிலடித்தால் வெளியே மரத்தடி. மேசைகளையும் பெஞ்சுகளையும் பையன்களே செய்தார்கள். சுவரில் தொங்கிய வரைபடங்களும் புள்ளிவிவரப் படங்களும் அவர்கள் வரைந்தவை. அரசு அங்கீகாரம் எதுவும் இல்லாததால் தேர்வுக்குத் தனித்தேர்வர்களாகத்தான் போக வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மாலை ஏழரைக்கு முடியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகும் பள்ளி உண்டு, கோடை விடுமுறையும் கிடையாது. இப்படி விடுமுறையே இல்லாமல் பிள்ளைகளை வதைக்கலாமா என்று பரிதாபப்பட்ட விருந்தாளிக்கு ஒரு பையன் பதில் சொன்னானாம்: அவன் வீட்டில் 36 மாடுகள், சாணி அள்ளுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று. அந்தப் பதிலில் சிரிக்க ஒன்றுமில்லை. பள்ளி விடுமுறை என்பது யாருக்கு ஓய்வு, யாருக்குக் கூடுதல் வேலை என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

பாடத்திட்டத்தின் நடுநாயகம் செய்தித்தாள். தினமும் வரும் தாளை உரக்கப் படிப்பார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. புரியாத சொல் வந்தால் அங்கேயே வண்டி நிற்கும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு உறவான சொற்கள் எவை, பிரெஞ்சில் என்ன, கிரேக்கத்தில் என்ன என்று அதைப் பிரித்துப் போட்டபிறகே அடுத்த சொல். ஊர்ப்பெயர் வந்தால் வரைபடம். தொழிலாளர் ஒப்பந்தம் பற்றிய செய்தி வந்தால் அந்த ஒப்பந்தத்தையே வரவழைத்துப் படிப்பார்கள். ஒரே செய்தியில் அரைநாள் போய்விடும். பள்ளியில் இலியட் காவியத்தின் பழைய இத்தாலிய மொழிபெயர்ப்பைப் போட்டுப் பிள்ளைகளை வாட்டுகிறார்கள், நாளை அவன் கையெழுத்திடப்போகும் வேலை ஒப்பந்தத்தை ஒருவரும் சொல்லித்தருவதில்லை என்பது அந்தப் பையன்களின் மனக்குறையாக இருந்தது. இதில் அவர்களோடு முழுக்க உடன்பட முடியாது. ஹோமரும் ஒரு ஏழைப் பையனின் சொத்துதான். அதை அவனிடமிருந்து மறைத்துவைப்பதும் ஒரு திருட்டுதான். ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கு ஹோமரை மட்டும் கொடுப்பது எப்படிப்பட்ட கொடை என்று அவர்கள் கேட்டதற்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

வகுப்பில் யாருக்காவது ஒன்று விளங்கவில்லை என்றால், விளங்கும்வரை மற்றவர்கள் அடுத்த பக்கம் போக முடியாது. மந்தமாகப் படிப்பவனே அங்கே செல்லப்பிள்ளை. பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். பன்னிரண்டு வயதிலேயே வாத்தியாராகிவிட்டவர்கள் இருந்தார்கள். சுவரில் 'ஐ கேர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதி மாட்டியிருந்தார்கள். எனக்கு இதில் அக்கறை உண்டு, இது என் பொறுப்பு என்ற பொருளில். பாசிஸ்டுகள் எனக்கென்ன என்று மார்தட்டிச் சொல்லிவந்த முழக்கத்துக்கு நேர் எதிர்ச் சொல்லாக அதை எடுத்துக்கொண்டதாக மிலானியே விளக்கியிருக்கிறார். பதினாறு, பதினேழு வயதானதும் பையன்களை இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்று கோடைக்கால வேலைக்கு அனுப்பினார். கைக்காசைத் தாங்களே சம்பாதித்து, மொழியைத் தெருவில் கற்றுக்கொண்டு வரவேண்டும். மலையைவிட்டு இறங்காத குடும்பங்களின் பிள்ளைகள் லண்டனிலிருந்து கடிதம் போட்டார்கள்.

இவ்வளவும் சரி, ஆனால் இது ஒரு நல்ல சமூகசேவகரின் வேலையாயிற்றே, இதில் குருவின் வேலை எங்கே என்று அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கிறிஸ்தவத்தில் நம்பிக்கை என்பது ஒரு வார்த்தையைக் கேட்டு அதற்கு ஆம் என்று சொல்வது. ஆம் என்று சொல்ல, இல்லை என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் போடும் கைநாட்டு எப்படிச் சம்மதம் ஆகாதோ, அப்படியே சொல் விளங்காமல் சொல்லும் ஆமென் என்பதும் நம்பிக்கை ஆகாது. சொல்லில்லாதவனிடம் ஞானோபதேசம் கொண்டுபோவது அவன் இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்வது. முதலில் அவனை என் எதிரே சமமாக நின்று பேசக்கூடியவனாக்க வேண்டும். பிறகு அவன் ஏற்றாலும் சரி, மறுத்தாலும் சரி, அது அவனுடையதாக இருக்கும். மிலானியின் செய்கைகளைத் தொடர்ந்து போனால் வந்துசேரும் இடம் இதுதான். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அது அவருக்கும் தெரியும்: எழுத்தைக் கற்றுக்கொண்ட பையன் கோயிலுக்கே வராமல் போய்விடலாம். சான் தொனாத்தோவிலும் பார்பியானாவிலும் படித்தவர்களில் அப்படி விலகியவர்களும் உண்டு. அதற்காக அவர் பள்ளியின் சுவரில் சுரூபத்தைத் திரும்ப மாட்டவில்லை. எல்லாச் சமயங்களிலும் பள்ளி நடத்துபவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பது நல்லது. பிள்ளை வாசிப்பதற்குக் கொடுக்கும் புத்தகம் அவனை நம்மிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகும் என்று தெரிந்தும் கொடுக்க முடிகிறதா?

அப்படி எழுத்தைக் கொடுத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1965 பிப்ரவரியில் ஒரு நாள் சாட்சி. ஓய்வுபெற்ற இராணுவ ஆன்ம குருக்கள் சிலர் ஃபிளாரன்ஸில் கூடி ஓர் அறிக்கை விட்டிருந்தார்கள். மனச்சாட்சியின் பேரால் ஆயுதம் ஏந்த மறுப்பது தாய்நாட்டுக்கு அவமானம், கிறிஸ்தவ அன்புக்குப் புறம்பானது, கோழைத்தனம் என்பது அதன் சாரம். அப்படி மறுத்த இளைஞர்கள் அப்போது இத்தாலியச் சிறைகளில் இருந்தார்கள். அறிக்கை வெளிவந்த பத்திரிகைத் துண்டு பார்பியானாவுக்கு வந்துசேர்ந்தது. வழக்கம்போல உரக்கப் படித்தார்கள். வழக்கம்போலச் சொல் சொல்லாகப் பிரித்தார்கள். தாய்நாடு என்றால் என்ன, எந்தப் போர் யாரைக் காப்பாற்றியது என்று, இத்தாலி ஒன்றுபட்ட நாளிலிருந்து நடந்த போர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார்கள். பிறகு பதில் எழுதினார்கள். கீழே மிலானி கையெழுத்திட்டார். கம்யூனிஸ்ட் கட்சி இதழான 'ரினாஷித்தா' அதை வெளியிட்டது. குற்றத்தைப் புகழ்ந்து பேசியதாக வழக்கு வந்தது.

நோய் முற்றி நீதிமன்றம் போக முடியாத நிலையில் மிலானி நீதிபதிகளுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். அதில் தம்மைப் போராளியாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாத்தியாராக நின்றுதான் வாதாடினார். நீதிபதியின் வேலை இருக்கும் சட்டத்தைக் காப்பது. பள்ளியின் வேலை, சட்டத்தை மதிக்கவும் அதைவிட நல்ல சட்டத்துக்கு ஆசைப்படவும் பிள்ளைகளைப் பழக்குவது. அதற்காகத் தம் மாணவர்கள் என்ன படிக்கிறார்கள் என்றும் சொன்னார்: சாக்ரட்டீஸின் தற்காப்புரை, நான்கு நற்செய்திகளில் உள்ள இயேசுவின் வாழ்க்கை, காந்தியின் தன்வரலாறு, ஹிரோஷிமா விமானி கிளாட் ஈதர்லியின் கடிதங்கள். நிலவும் சட்டத்தோடு முட்டிக்கொண்டு, அதற்கான விலையைத் தாங்களே கொடுத்தவர்கள். காந்தி சத்திய சோதனையை எழுதும்போது ஃபிளாரன்ஸ் மலையில் மாடு மேய்க்கும் பையன்கள் அதை உரக்கப் படித்து வரிவரியாகப் பிரிப்பார்கள் என்று எண்ணியிருக்கமாட்டார்.

1966 பிப்ரவரியில் விடுதலை கிடைத்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது; பின்னர் மேல்நீதிமன்றம் அந்த எழுத்தைக் குற்றமென்றே கண்டது, ஆனால் தண்டிக்க ஆள் உயிரோடில்லை. மனச்சாட்சி மறுப்பை இத்தாலியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1972 டிசம்பரில்.

இங்கே ஒரு முரண் கண்ணை உறுத்துகிறது. இந்த எழுத்துகள் 'கீழ்ப்படிதல் இனி நற்பண்பு அல்ல' என்ற தலைப்பில்தான் புத்தகமாக வந்தன. அதை எழுதியவரோ மேலிடம் மலைக்குப் போ என்றதும் மறுபேச்சில்லாமல் போனவர். நூலை விலக்கு என்றதும் வாய்மூடியவர். பேராயர் மனம்வருந்தும்படி கடிதங்கள் எழுதினாலும் அவருடைய ஆணையை ஒருநாளும் மீறாதவர். பாவமன்னிப்புத் தரும் அதிகாரம் தமக்குத் திருச்சபைக்கு வெளியே எங்கே கிடைக்கும் என்று கேட்பார். இதை இரட்டை வேடம் என்று சொன்னவர்கள் உண்டு. அது சரியான தீர்ப்பாகத் தோன்றவில்லை. ஆணையின் ஒவ்வொரு சொல்லையும் படித்து, அதன் விலையை அறிந்து, தன் கண்ணைத் திறந்துகொண்டு பணிபவனும், என்ன ஏது என்று தெரியாமல் பணிபவனும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். முதலாமவனுக்கு மறுக்கவும் தெரியும். ஓர் ஆணை தன்னை மட்டும் வருத்தும்போது பணிந்தார். பிறரைக் கொல்லச் சொல்லும் ஆணைக்குப் பணியக்கூடாது என்று கற்பித்தார். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு தெரிய வாசிப்பு வேண்டும்.

அவர் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே வந்தார்கள். பெற்றோர் அனுப்பவில்லை என்பது காரணம்தான், ஆனாலும் அது பெரிய இழப்பு. விளையாட்டுக்கு நேரமே ஒதுக்காத பள்ளியை இன்று எந்தக் குழந்தை மனநல மருத்துவரும் ஒப்பமாட்டார். கடுமையான சொல்லும், சிலசமயம் அடியும் இருந்ததைப் பழைய மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். அடித்தாவது எழுத்தறிவிக்கலாம் என்பதை அவருடைய அன்பை நினைத்துக்கூட ஏற்க முடியாது. இன்னொரு கவலையும் உண்டு. சுரூபத்தைக் கழற்றிய சுவரில், பன்னிரண்டு மணி நேரமும் பிள்ளைகள் கண்முன் நின்றவர் மிலானி. கடவுளின் இடத்தில் வாத்தியார் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு பள்ளித் தலைவரின் ஆளுமை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது இந்த ஆபத்து.

அதற்கு மாற்று மருந்தாக அவர் கண்டுபிடித்தது கூட்டாக எழுதும் முறை என்று கொள்ளலாம். வடக்கே வோ என்ற கிராமத்துப் பள்ளியில் மாரியோ லோதி என்ற ஆசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிவந்தார். 1963-ல் அவர் பார்பியானாவுக்கு வந்தபோது பேச்சு அந்த முறையைப் பற்றிப் போனது. இரு பள்ளிப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். பார்பியானாவில் அந்த முறை இப்படி ஆனது: ஆளுக்கொரு குறிப்பேடு. மனத்தில் தோன்றுவதை ஒரு துண்டுத்தாளில் ஒரு கருத்து என்று எழுதிவைப்பார்கள். பிறகு எல்லாத் துண்டுகளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே கருத்து இரண்டு முறை வந்தால் ஒன்றை எடுத்துவிட்டு, அடுக்கடுக்காகப் பிரித்து, அத்தியாயமாக்கி, அதை உரக்கப் படித்து, எந்தச் சொல் இல்லாவிட்டாலும் பொருள் நிற்குமோ அந்தச் சொல்லை அடிப்பார்கள். படிப்பறியாத ஒரு தாய்க்கும் விளங்குகிறதா என்பது அளவுகோல். இந்த மேசையைச் சுற்றி நிற்கும்போது வாத்தியார் சொல்லும் அடிபடும், மாணவன் சொல்லும் அடிபடும்.

பார்பியானாவிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போன இரண்டு பையன்கள் அங்கே பெயிலாக்கப்பட்டபோது, அந்த மேசையில் ஒரு புத்தகம் உருவானது. எட்டு மாணவர்கள் எழுதினார்கள். ஓர் ஆசிரியைக்குக் கடிதம் என்ற வடிவத்தில். கட்டாயக் கல்வியை 14 வயதுவரை நீட்டி, எல்லோருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் 1962 டிசம்பரிலேயே வந்திருந்தும், வகுப்புக்கு வகுப்பு யார் உதிர்கிறார்கள், அவர்களுடைய தகப்பன்மார் என்ன வேலை செய்கிறார்கள் என்று அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டே காட்டினார்கள். உதிர்ந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகளின் பிள்ளைகள். அந்தக் கணக்கு வேலைக்காக இத்தாலிய இயற்பியல் சங்கம் அவர்களுக்குப் பரிசளித்தது.

தமிழில் அந்தப் புத்தகம் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற பெயரில் வந்தது. மொழிபெயர்ப்புத் தலைப்புகளில் இவ்வளவு பொருந்திய தலைப்பு அபூர்வம். டீச்சர், பெயில் என்ற இரண்டு சொற்களும் தமிழ்நாட்டு வகுப்பறையில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லாதவை. 5, 8 ஆம் வகுப்புகளில் பிள்ளைகளைத் தேக்கிவைக்கலாம் என்று கல்வியுரிமைச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதியை அறிவித்து, தமிழ்நாடு அரசு தன் பள்ளிகளில் அது நடக்காது என்று சொன்ன விவாதத்தின்போது, அந்த எட்டுப் பையன்களின் கேள்வி வேறொரு நாட்டுப் பழங்கதையாகத் தெரியவில்லை. பெயிலாக்காமல் விடுவது மட்டும் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புரியாதவனை மேலே தள்ளிவிடுவதும் அவனைக் கைகழுவுவதே. அவனுக்குப் புரியும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

1967 மே மாதம் புத்தகம் அச்சாகி வந்தது. ஜூன் 26 அன்று ஃபிளாரன்ஸில் தாயின் வீட்டில் மிலானி இறந்தார், வயது 44. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20 அன்று, போப் பிரான்சிஸ் பார்பியானாவுக்கு வந்து அந்தக் கல்லறையருகே நின்று செபித்தார். 1954-ல் விலைகொடுத்து வாங்கிய அதே நிலம்.

இறப்பதற்கு முன் மாணவர்களுக்கு அவர் எழுதிவைத்த உயில்கடிதம் ஒன்று உண்டு. அதில் ஒரு குருவானவர் எழுதத் துணியாத ஒன்றை எழுதினார். கடவுளைவிட உங்கள்மேல்தான் அதிக அன்பு வைத்துவிட்டேன் என்றும், கடவுள் இந்தச் சின்ன வித்தியாசங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அந்த அன்பையெல்லாம் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்வார் என்று நம்புவதாகவும். இறையியல் படித்தவர்கள் இதைப் பலவிதமாக விளக்குவார்கள். முதலாம் கட்டளைக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களும் உண்டு. விளக்கம் எதுவானாலும், அந்தக் கடிதத்தைப் பெற்ற பையன்களுக்கு அதன் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, எடைபோட்டு, அவர் சொல்வது சரியா என்று தாங்களாகவே முடிவுசெய்யத் தெரிந்திருந்தது. ஆசிரியைக்கு எழுதிய புத்தகத்தின் அட்டையில் மிலானியின் பெயர் எங்கும் இல்லை. ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'பார்பியானா பள்ளி' என்று அச்சிட்டிருந்தார்கள்.